பூட்டி வைத்த படையல்

பணி ஓய்வுக்குப் பின் ஜவ்வாது மலையில் குடியேறினேன். வாழ்நாளெல்லாம் தரவுத்தளங்களோடு கிடந்தவன் என்பதால், மலை விவசாயிகள் சங்கத்தின் கணினிப் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. இருந்தது ஒரே சர்வர். அதற்குள், தனித்தனிக் கணினிகள் போலவே இயங்கும் இரண்டு மெய்நிகர் கணினிகளை அமைத்தேன். ஒன்றில் சாமை, புளி கொள்முதலுக்கான தரவுத்தளம். மற்றொன்றில், சங்கத்தார் மனமுவந்து இடம் கொடுத்த என் தேவாரப் பதிகத் தொகுப்பு. ஒரு சொல்லை இட்டால் அது வரும் பாடல்களையெல்லாம் எடுத்துக் காட்டும்.

சர்வரின் மூளையான செயலியையும் நினைவகத்தையும் இரண்டுக்கும் பங்கிட்டபோது, இம்மலையில் அறுவடையின் முதல் படியைச் சாமிக்கு எடுத்துவைக்கும் வழக்கம் மனத்தில் நின்றது. அவ்வாறே நினைவகத்தின் பெரும்பகுதியைப் பதிகங்களுக்கென நிலையாக ஒதுக்கினேன். அப்படி ஒதுக்கியதை, அக்கணினி சும்மா கிடந்தாலும், மற்றது தொட இயலாது. செயலியிலும் அதற்கே முன்னுரிமை. வழிபாடு செய்ததாகவே நம்பினேன்.

புளி வரத்து மிகுந்த ஒரு பிற்பகலில் கொள்முதல் கணினி திணறியது. நினைவகம் போதாமல், மெதுவான வன்வட்டில் எழுதி எழுதிப் படித்தது. ஒரு ரசீது வருவதற்குள் அடுத்த வண்டியும் வந்து நின்றது. ரசீது இல்லாமல் மூட்டை கிடங்குக்குள் போகக் கூடாது என்பது சங்க விதி. அடிவாரத்து அமிர்திப் பக்கம் வானம் கறுத்தது. செயலாளரான பெண் காரணம் கேட்டார். இணைய இணைப்பு சரியில்லை என்றேன். அது உண்மையா என்று நான் பார்த்திருக்கவில்லை.

முற்றத்தில் தன் மூட்டைகளின்மேல் அமர்ந்திருந்த ஒரு விவசாயப் பெண் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"இன்னா ஐயா, பொட்டி தூங்கிட்ச்சா?"

சாமிப் பாட்டுக்கும் இதில் பங்கு உண்டு, அதனால் சற்றுத் தாமதம் என்று மழுப்பினேன்.

"எங்க வூட்லயும் சாமிக்குத்தான் மொதல்ல வெப்போம். படைச்சிட்டு அப்பால புள்ளைங்களுக்குக் குடுத்துருவோம். நீங்க இன்னா, படைச்சதப் பூட்டி வெச்சிட்டீங்களா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் பதிகக் கணினியைத் திறந்து பார்த்தேன். அது வேலையின்றிக் கிடந்தது. கடைசியாகத் தேடியவன் நானே; அன்று விடியலில், ஒரே ஒரு சொல்லை. அதற்கு முன்பு தேடியவனும் நானே. ஈசனுக்கென்று எண்ணி ஒதுக்கியதெல்லாம், கேட்ட கணமே பாடல் வந்து நிற்க வேண்டும் என்ற என் ஆசைக்குத்தான் போயிருந்தது.

ஒதுக்கீட்டை நீக்கினேன். ரசீதுகள் மளமளவென்று வரத் தொடங்கின. ஆனால் மழை முந்திக்கொண்டது. அந்தப் பெண்ணின் முறை வருமுன் அவருடைய மூட்டைகள் நனைந்துவிட்டன. ஈரப் புளியை எடுக்க இயலாது என்று செயலாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"காய வெச்சி எடுத்தாறேங்க" என்றார் அந்தப் பெண். வண்டியில் மூட்டைகளை ஏற்ற நானும் கைகொடுத்தேன். யாரால் நனைந்தது என்று அவரிடம் சொல்லவில்லை. செயலாளரிடம் மட்டும், இணைப்பில் பழுதில்லை, என் பங்கீட்டில்தான் பழுது என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் தலையசைத்தார்.

அன்று மாலை பதிகம் பாட அமர்ந்தேன். கூப்பிய கைகளில் புளியின் ஈர வாடை. முதல் அடியோடு பாட்டை நிறுத்தினேன்.