கொன்வென்ட் பிள்ளை

யாழ்ப்பாணத்தில் நான் படிக்க ஆசைப்பட்டது கொன்வென்ட்டில். அனுமதிப் பரீட்சையில் தவறிவிட்டேன். வெள்ளைச் சீருடையில் போகிற பிள்ளைகளைப் பார்த்து வயிறெரிந்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது. நாங்கள் சைவக்காரர்தான். ஆனாலும் சிஸ்டர்மாரிடம் படித்த பிள்ளை என்றால் எங்கள் ஊரில் தனி மரியாதை.

இத்தாலிக்கு வந்தபின், பலெர்மோவில் மகள் எட்டாம் வகுப்புப் படித்த வருடம், அடுத்த ஐந்து வருடங்களுக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று குளிர்காலத்திலேயே பதிய வேண்டியிருந்தது. அவளுடைய ஆசிரியை லிச்சேயோ என்கிற அரசாங்க உயர்நிலைப் பள்ளியைச் சிபாரிசு செய்தார். அல்பெர்கேரியாப் பகுதியில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். போய்ப் பார்த்தேன். சுவர் முழுக்கக் கிறுக்கல், வாசலில் சிகரெட் பிடிக்கிற பிள்ளைகள். பிறகு சிஸ்டர்மாரின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். முற்றத்தில் எலுமிச்சை மரம், மாதா சிலை, உள்ளே முகம் தெரிகிற பளிங்குத் தரை. வீடு வீடாகத் தரை துடைக்கிறவள் வேறு எதைப் பார்த்து மயங்குவாள்?

"அம்மா, கெட்டிக்காரப் பிள்ளையள் எல்லாம் லிச்சேயோவுக்குத்தான் போகினம்," என்றாள் மகள்.

"உனக்கென்ன தெரியும்? கொன்வென்ட்டிலை படிக்கக் குடுத்து வைக்கோணும்," என்று அவள் வாயை அடைத்தேன். கட்டணத்துக்காக இன்னொரு வீட்டு வேலையும் பிடித்தேன்.

ஜூன் மாதம், நான் வேலை செய்கிற வீட்டு எசமானி சின்யோராவிடம் பெருமையோடு விஷயத்தைச் சொன்னேன். கோப்பியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன்? உன் மகள் நன்றாகப் படிப்பவளாயிற்றே?"

அவருடைய பேத்தி லிச்சேயோவில் இரண்டு முறை பெயிலானவளாம். அதனால்தான் அவளை அந்தச் சிஸ்டர்மாரிடம் மாற்றினார்களாம். அங்கே யாரையும் பெயிலாக்க மாட்டார்களாம். இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடி நின்றேன். கன்னியாஸ்திரிகள் எங்கேயும் ஒன்றுதான் என்று நினைத்த என் மொக்குத்தனத்தை என்னவென்று சொல்வது!

மறுநாள் காலை லிச்சேயோவுக்கு ஓடினேன். அலுவலகத்துப் பெண் கணினியைப் பார்த்துவிட்டு, முதலாம் ஆண்டில் இடமில்லை என்றாள். எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்த அறையைத் துடைக்க வேண்டும் என்று கேட்க என்னிடம் இத்தாலியன் இருந்தது. கெஞ்சிக் கேட்க இருக்கவில்லை. மகளின் பெயரை ஒரு பட்டியலில் எழுதிக்கொண்டாள். கோடை முழுக்கத் தொலைபேசியைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒருவரும் அழைக்கவில்லை.

மகள் சிஸ்டர்மாரிடமே போனாள். டிசம்பரில் அங்கே பெற்றோர் கூட்டம். தலைமை சிஸ்டர் என் இரண்டு கைகளையும் பிடித்து, எல்லாப் பாடத்திலும் மகள்தான் முதலிடம் என்றார். நல்ல மனுசி. யாரைக் கோபிப்பது? திரும்பி வரும்போது பஸ்ஸில் மகளிடம் அதைச் சொன்னேன்.

"அங்கை முதலாவதா வாறது கஷ்டமில்லையம்மா," என்றாள். "வேறை ஒருத்தரும் படிக்கிறேல்லை."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நான் பதிலுக்கு ஏசியாவது இருப்பேன்.