பொடா ஹொயேச்சே?

இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே நறுக்கென்று குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. எழுபதுகளின் நடுவில் கல்கத்தாவில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் தமிழ்ப் பையன் நான் ஒருவன்தான். அந்த வருஷம் திருநெல்வேலியிலிருந்து இன்னொருவன் வந்து சேர்ந்தான். அவன் அப்பாவுக்கு ரயில்வேயில் மாற்றல். வங்காளத்தில் ஒரு வார்த்தை தெரியாது அவனுக்கு. தமிழன்தானே என்று என் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். எனக்கு எரிச்சலான எரிச்சல். அதுவரை வங்காளிப் பையனாகவே திரிந்தவன் நான். இவன் வந்ததும் நானும் மதராஸி என்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

ஒருநாள் சரித்திர வாத்தியார் அவனைப் பார்த்து, "பொடா ஹொயேச்சே?" என்றார். பாடம் படித்தாயிற்றா என்று அர்த்தம். வங்காளத்தில் பொடா என்றால் படிப்பு. அவன் முகம் வெளிறிவிட்டது.

"ஏலே, என்ன சொல்லுதாரு?" என்று என்னிடம் கிசுகிசுத்தான்.

"வெளியே போடாங்கறார். பையை எடுத்துட்டுக் கிளம்பு."

நம்பிவிட்டான். பையை எடுத்துக்கொண்டு வெளியே போயேவிட்டான். வாத்தியார் ஒன்றும் புரியாமல் வாசலைப் பார்த்தார். நான் விஷயத்தைப் பின்பெஞ்சுக்குச் சொல்ல, வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மறுநாளிலிருந்து அவன் எங்கே தலைகாட்டினாலும் "பொடா! பொடா!" என்று ஊளை. அதில் என் குரல்தான் உரக்கக் கேட்கும். மூன்று வாரத்தில் அவன் பள்ளிக்கு வருவது நின்றுபோயிற்று.

லேக் மார்க்கெட்டில் அவன் அம்மாவைப் பார்த்துவிட்டு முருங்கைக்காயோடு வந்த என் அம்மா பொரிந்து தள்ளினாள். "அந்தப் பையனை வாத்தியாரே போடான்னு விரட்டிட்டாராம்டா! ஊருக்கே அனுப்பிடப் போறாங்களாம். பெத்தவங்க இங்கே, பிள்ளை ஹாஸ்டல்லே. நல்லா இருப்பாரா அந்த மனுஷன்?"

சாப்பிடாமலே கிளம்பினேன்.

டாக்குரியாவில் அவர்கள் வீட்டு வாசலில் நின்று, அவன் அம்மா எதிரிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அறை விழும் என்று நினைத்தேன். "அப்போ வாத்தியாரு நல்லவருதானா?" என்று மட்டும் கேட்டார் அந்த அம்மா. அவன் என்னை நிமிர்ந்து பார்க்காமலே, "எங்கிட்ட சொன்னா போதுமா? கிளாஸ்ல சொல்லு" என்றான்.

சொன்னேன். மறுநாள், வங்காளத்தில், அத்தனை பேர் முன்னாலும். ஒருவரும் சிரிக்கவில்லை. வாத்தியார் என் காதைத் திருகிவிட்டு, அன்று பள்ளிக்கு வந்து வாசலருகே நின்றிருந்த அவனிடம் போய் மெதுவாகக் கேட்டார். "பொடா ஹொயேச்சே?"

"ஹொயேச்சே சார்" என்றான். அவன் பேசிய முதல் வங்காள வார்த்தை அதுதான். உள்ளே வந்து உட்கார்ந்தான், என் பக்கத்திலேயே.

அவன் வேறு பெஞ்சுக்குப் போயிருக்கலாம். ஊருக்கே போயிருக்கலாம். போயிருந்தால் இந்த ஜன்மம் முழுக்க நான் அதைச் சுமந்திருப்பேன். அதிலிருந்து என்னைக் காப்பாற்றியவன் அவன்தான். கோடி கும்பிடு போட்டாலும் தகும்.

சாயங்காலம் பத்தடி பின்னாலேயே தயங்கித் தயங்கி நடந்தேன். தெருமுனையில் திரும்பி, "போலே" என்றான். போடாவை அவன் ஊரில் சிநேகிதர்களுக்குள் அப்படித்தான் சொல்வார்களாம். எனக்கு அது அப்போது தெரியாது. முகம் செத்து, நிஜமாகவே திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஓடி வந்து என் பையைப் பிடித்து இழுத்தான். "எங்கலே போற? வீட்டுக்கு வா. வங்காளம் சொல்லித் தா. இந்தத் தடவையாவது ஒழுங்கா சொல்லு."