கண்ணை மூடிய இரண்டு ராத்திரி

வார்டில் நான் இருந்தேன். வலது கட்டிலில் டாக்சி ஓட்டும் ஒரு தமிழர், என்னைவிட மூத்தவர். சன்னலோரம் ஒரு சீனப் பெரியவர், பேச்சே கிடையாது. ராத்திரி டூட்டிக்கு ஒரு நர்ஸ், மிஸ்ஸி என்று கூப்பிடுவோம், பிடோக்கிலிருந்து வரும் தமிழ்ப் பெண். அவ்வளவுதான்.

எண்பதுகளின் தொடக்கம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டினேன். பதினோரு வருஷமாக ராத்திரி ஷிப்ட் மட்டும். பிரஷர் என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிட்னிக்கான அளவு கொஞ்சம் கூட. டாக்டர் சொன்னதை மிஸ்ஸி தமிழில் சொன்னார்.

"தூங்கும்போது பிரஷர் இறங்கணும் அண்ணே. மேல் அளவு நூத்தி நாப்பதுக்குக் கீழ வரலன்னா கிரேன் ஏற விடமாட்டாராம்."

எனக்கு வேறு வேலை தெரியாது. சரி என்றேன்.

தூக்கம் வரவில்லை. அது நான் வேலை செய்யும் நேரம். மிஸ்ஸியின் செருப்புச் சத்தம் கேட்டால் கண்ணை மூடிக்கொள்வேன். சொன்னதைக் கேட்காத ஆள் என்று எழுதிவிடக் கூடாது. அவர் என் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றுவார், காற்றடிப்பார், அட்டையில் எழுதுவார். இரண்டு ராத்திரியும் நூற்று அறுபதுக்குக் கீழே வரவில்லை.

காலையில் டாக்டர் அட்டையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். டாக்சிக்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

"மிஸ்ஸி, இவரு எங்க தூங்குனாரு? நான் நாலு வாட்டி ஒண்ணுக்குப் போனேன். நாலு வாட்டியும் 'தரை ஈரம், பாத்துப் போங்க'ன்னாரு லா."

"ஏண்ணே, என்னை ஏமாத்துனீங்களா?"

"ஏமாத்தல. கண்ண மூடித்தான் இருந்தேன்."

"தூங்கச் சொன்னேன்!"

"பகல்லதான் தூங்குவேன். பகல்ல எடுக்கச் சொல்லுங்க."

மிஸ்ஸி டாக்டரிடம் சொன்னார். இந்தச் சத்தத்திலா என்று டாக்டர் கேட்டார். எங்கள் வீடு ஜாலான் புசாரில், கீழே இரும்புக் கடை, தகடு வெட்டும்போதுதான் நான் தூங்குவது என்றேன். மாத்திரையைக் காலமெல்லாம் போடுகிறேன், அளவை மட்டும் சரியான நேரத்தில் எடுங்கள் என்றேன். டாக்டர் இன்னும் ஒரு நாள் தந்தார். மிஸ்ஸி பகல் டூட்டிக்காரரிடம் விவரம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

பசியாறிவிட்டுப் படுத்தேன். தள்ளுவண்டி போனது, ஆட்கள் வந்து பேசினார்கள் என்று டாக்சிக்காரர் பிறகு சொன்னார். எனக்குத் தெரியாது. நாலு மணிக்கு விழித்தேன். கையில் பட்டை இருந்தது. அட்டையைக் கேட்டு வாங்கினேன். தூக்கத்தில் மூன்று முறை எடுத்திருந்தார்கள்.

நூற்று முப்பத்தாறு. நூற்று முப்பது. நூற்று இருபத்தெட்டு.