கருவாட்டில் மண்

வேம்பு அடுப்படியில் உட்கார்ந்து நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளிக் கிள்ளிச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். கைதான் கருவாட்டில், மனம் அடுத்த கதைக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தது.

நெல்லித்தோப்பில் ஆலைத் தொழிலாளி ஆதிமூலத்தின் மனைவி அவள். மாத நாவல் எழுதுகிறவள். வீட்டை விட்டு அதிகம் நகராதவளின் கதைகளில் காலாப்பட்டுக் கடற்கரை மணலும் மேட்டுப்பாளையம் ஆலைப் புகையும் வந்ததற்குக் காரணம் அடுத்த வீட்டுச் சின்னப்பாப்பா. காலாப்பட்டில் கருவாடு எடுத்து ஊரெல்லாம் விற்பவள். கூடை காலியாகக் காலியாக வாய் நிறைந்துகொண்டே வரும்.

அந்தப் பாசத்தில்தான் போன நாவலில் ஒருத்திக்கு அவள் பெயரையே வைத்தாள் வேம்பு. ஒருத்தி என்றால், குடி கெடுக்கிறவள். அன்றோடு சின்னப்பாப்பாவின் பேச்சு நின்றது. வேம்புவின் எழுத்தும் நின்றது.

கல்யாணப் பத்திரிகைகளிலிருந்து பெயர் பொறுக்கிப் பார்த்தாள். கொடியில் காயும் சட்டை மாதிரி எல்லாம் தொங்கின. உள்ளே ஆள் இல்லை.

"எம் பேர வெச்சிக்கயேன்" என்றான் ஆதிமூலம்.

"நீங்க வந்தா கதையே கொறட்ட வுடும்."

இப்போது வாசற்படியில் நிழல் விழுந்தது. கூடையோடு சின்னப்பாப்பா.

"எவகிட்டடி வாங்கின? தெருமொனை வரைக்கும் நாறுது."

"கடையிலதாங்கா."

சின்னப்பாப்பா உட்கார்ந்து சட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு அலசு அலசினாள். அடியில் மண் படிந்தது.

"கெட்டவளா எழுதினதுக்கு இன்னும் கோவமாக்கா?"

"அதுக்கு எவ கோவிச்சிக்கிட்டா? எம் பொண்ணு கமலா படிச்சிக் காட்டறப்ப சிரிச்சிக்கினுதான் இருந்தேன். அவ அலசாத கருவாட்ட மண்ணோட கொழம்பு வெச்சான்னு எழுதின பாரு! கூடைய எறக்கினா போதும், 'மண்ணு எடுத்துட்டியா சின்னப்பாப்பா'ன்னு கேக்கறாளுங்க. யாவாரம் பண்றவடி நான்!"

வேம்பு வந்த சிரிப்பை விழுங்கினாள். "தப்புதாங்கா. அத நான் யோசிக்கவே இல்ல."

சின்னப்பாப்பா தண்ணீரை மாற்றினாள். "புதுசா எழுதறியா?" என்றாள்.

"ஆளும் இல்ல, ஊரும் இல்ல. என்னாத்த எழுத?"

"காலாப்பட்டுல ஒருத்தி கீறா" என்று தொடங்கிவிட்டாள் சின்னப்பாப்பா. "படகுக்கு அடிச்ச மிச்ச பெயிண்ட கதவுக்கு அடிச்சி வெச்சிருக்கா. பாதி பச்ச, பாதி செவப்பு. மெட்ராஸ் பஸ் வந்தா வாசல்ல வந்து நிப்பா. யாரும் எறங்கறதில்ல. அவளும் யாரையும் எதிர்பாக்கல. டிரைவர் மீசையப் பாக்க வரா!"

இருவரும் சிரித்தார்கள். வேம்புவுக்குக் கதவு தெரிந்தது, கதவுக்கு உள்ளே ஒரு வீடே தெரிந்தது.

"அவ பேரு என்னாக்கா?"

"ஏன், அவளும் ஒங்கிட்ட சண்டைக்கு வரணுமா?"

"அப்ப ஒம் பேரையே வெக்கட்டுமா? இவ நல்லவ. சுத்தமா சமைப்பா."

சின்னப்பாப்பா கடைக் கருவாட்டைப் பூனைக்கு ஒதுக்கினாள். தன் கூடையிலிருந்து ஒரு கை அள்ளிச் சட்டியில் போட்டாள். கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வெளியே போனாள்.