மூன்று கருவிகளும் ஒரு நெரையும்

விளையாட்டுக்கு வரைபடம் எதற்கு, வாயால் சொன்னால் போதாதா என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். இப்போது வருவதில்லை. அதற்குக் காரணம் ஒருத்தி. ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் பிறந்தவள்.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்வார்கள். குகைக்குள் நுழைவதா, பாலத்தைக் கடப்பதா என்று அவர்களே முடிவு செய்வார்கள். முடிவு பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். இலங்கையில், கலவானப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சில மாதம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண், ஊருக்குத் திரும்பும்போது விதிப் புத்தகத்தையும் ஒரு பை நிறையப் பகடைகளையும் எங்களிடம் விட்டுப் போனாள். நாங்கள் மூன்று பேர். நான், அவள், தேயிலைத் தொழிற்சாலைக் கிளாக்கரின் மகன். எனக்கு வாய் ஓயாது என்பதால் கதை சொல்லும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொழுந்து நிறுக்கும் மடுவம் காலியாகக் கிடக்கும். அதன் சிமெந்துத் தரையில் சோக்கட்டியால் வரைபடம் வரைவேன். தேயிலைக் கொட்டைகள் எங்கள் ஆட்கள். ரப்பர் கொட்டைகள் எதிரிகள். சாரல் அடித்தால் பாதி நாடு அழிந்துபோகும். எங்கள் பக்கம் மழைக்குக் குறையே இல்லாததால் எந்த நாடும் நெடுநாள் வாழ்ந்ததில்லை.

பிறகு பிரிந்தோம். கிளாக்கர் மகன் கொழும்பில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனான். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சரானேன். அவள் இரண்டு வருடம் கொழுந்து பறித்தாள். 2006இல், படுத்த படுக்கையான ஒரு முதிய அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சைப்பிரஸ் போனாள்.

ஆரம்பத்தில் நீளமாக மெயில் எழுதினாள். அந்தம்மாவின் பூனை, அங்கத்தைய குளிர், ரொட்டி எல்லாம் அதில் வரும். ஒரு வருடம் போனதும் மெயில்கள் சுருங்கின. கடைசியில் "நல்லா இருக்கேன்" என்ற இரண்டு சொல்லில் வந்து நின்றன. ஒரு நாள் அவளுடைய அம்மா பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டார்.

"போன்ல கேட்டா ம் ம்னு மட்டும் சொல்லுது. அழுவுதா என்னான்னே தெரியல. ஒனக்காச்சும் ஏதாவது சொல்லுதாம்மா?"

எனக்கும் எதுவும் சொல்லவில்லை என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கே கொழும்புக்காரனுக்கு எழுதினேன். அவளை எப்படியாவது பேச வைக்க வேண்டும், நமக்குத் தெரிந்த ஒரே வழி விளையாட்டுத்தான், இன்டர்நெட்டில் ஆட ஏதாவது வரைபடக் கருவி பார் என்று. அவளுக்கு ஞாயிறு மத்தியானம்தான் லீவு. எங்களுக்கு அது சாயங்காலம். கேட்டதும் அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"நான் வைத்தியக்காரியா வரமாட்டேன். வாரம் பூரா அதத்தான் பண்றேன். எனக்கு வாள் குடு."

அத்தனை மாதத்தில் அவள் எழுதிய மிக நீளமான கடிதம் அதுதான்.

நான் ஆடுவதற்கு உட்கார்ந்தது கலவான டவுனில் ஒரு கொமியுனிகேஷன் கடை. அங்கே இரண்டு கம்ப்யூட்டர், ஒரே ஒரு டெலிபோன் லைன். யாராவது ஃபேக்ஸ் அனுப்பினால் நெட் அறுந்துபோகும். கடை நடத்திய சிங்கள அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். என்ன விளங்கியதோ தெரியாது, தூரத்தில் இருக்கும் சிநேகிதி என்பது மட்டும் விளங்கியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஞாயிறு சாயங்காலம் யார் தாளோடு வந்தாலும் "பொட்டக் இன்ன" என்று பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லியே எத்தனை பேரைக் காக்கவைத்தாரோ, அந்தப் புண்ணியவதி நன்றாக இருக்க வேண்டும்.

முதல் கருவியைக் கொழும்புக்காரன் மிகுந்த பெருமையோடு கொண்டுவந்தான். தீப்பந்தம் பிடித்தால் வெளிச்சம் விழும். சுவருக்குப் பின்னால் இருட்டாக இருக்கும். என் பக்கம் அது திறப்பதற்குள் ஒரு பானைச் சோறு வடித்திருக்கலாம். அவள் பக்கம் திறக்கவே இல்லை. அங்கே நெட் கடையில் வெளியாரின் புரோகிராம் எதையும் ஏற்ற விடமாட்டார்களாம்.

இரண்டாவது, எதையும் ஏற்றத் தேவையில்லாத ஒரு வெள்ளைப் பலகை. இங்கே கீறினால் அங்கே தெரியும். தெரிந்தது, ஆனால் ஆற அமரத் தெரிந்தது. அவள் பார்த்த பலகை எப்போதும் இரண்டு ஆட்டம் பிந்தியே இருந்தது. இன்னும் பற்றவில்லை என்று நினைத்து எரிகிற தீக்குள் போய் நின்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

மூன்றாவதாக, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் படம் எடுத்து மெயிலில் அனுப்பினோம். அந்த ஞாயிறு முழுவதும் மூன்றே மூன்று வாள்வீச்சு. நான் கொழும்புக்காரனைப் பிடித்துக் காய்ச்சினேன். ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணல் என்பார்கள், உனக்கு லைன் கோணல் என்று அவனும் விடவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சாட்டில் மாறி மாறிச் சண்டை பிடிப்பதை அவள் அங்கே படித்துக்கொண்டிருக்கிறாள் என்பதே மறந்துபோனது.

"நீங்க ரெண்டு பேரும் வெளையாடுங்க. எனக்கு ஒண்ணும் தெரியல," என்று எழுதினாள்.

அவள் எழுந்து போய்விட்டால் திரும்பி வரமாட்டாள் என்று தோன்றியது. "போகாத புள்ள. எப்படிச் சொன்னா ஒனக்கு வெளங்கும், நீயே சொல்லு," என்று தட்டினேன்.

அவள் எழுதினாள்:

"பெரட்டுல சொல்ற மாதிரி சொல்லு. யாரு எந்த நெரைல நிக்கிறா?"

பெரட்டு என்பது விடிகாலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடம். நெரை என்பது தேயிலைச் செடிகளின் வரிசை. கங்காணி வாயால்தான் சொல்லுவார், இன்னாருக்கு இத்தனையாவது நெரை என்று. நாற்பது பெண்கள் மலைக்கு ஏறுவார்கள், ஒருத்தி கையிலும் வரைபடம் இருக்காது, ஒருத்தியும் நெரை மாற மாட்டாள். இதையெல்லாம் பார்த்தபடி வளர்ந்தவள்தான் நான். ஆனால் பள்ளிக்கூடம், டீச்சர் வேலை என்று போனவளுக்கு நெரையில் நின்ற பழக்கம் இல்லை. புத்தியிலும் அது உறைக்கவில்லை.

அவளே விதி போட்டாள். ரோட்டோரத்திலிருந்து நெரை எண்ண வேண்டும். தண்ணீர் ஓடும் கானிலிருந்து செடி எண்ண வேண்டும். ஆளுக்கொரு கொப்பியில் கோடு போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். "மூணாம் நெரை, அஞ்சாம் செடி, ஒரு பேய்" என்று நான் தட்டினால் போதும். நான் என் கொப்பியில் ரப்பர் கொட்டை வைத்தேன். அவள் ஒலிவ் விதை வைத்தாள். கொழும்புக்காரன் சட்டைப் பொத்தான் வைத்தான். வெளிச்சமும் நிழலும் காட்டிய அவனுடைய கருவியைப் பற்றி அவன் அதன் பிறகு வாயே திறக்கவில்லை.

இன்னொரு விதியும் சொன்னாள். யாராவது வேலைக்கு வராத நாளில் அவளுடைய நெரையை அப்படியே போட்டுவிட மாட்டார்கள். இந்தப் பக்கத்துக்காரி பாதி, அந்தப் பக்கத்துக்காரி பாதி பறித்துக்கொண்டே ஏறுவார்கள். "அப்பத்தான் அடுத்த நாளு வந்தா சேர்ந்து நிக்க முடியும்," என்று எழுதினாள். நல்ல விதி என்று சொல்லிவிட்டு நான் கதையைத் தொடர்ந்தேன்.

அதன் பிறகு அவள் பேசினாள். பேயை வெட்டும் நடுவில் அந்தம்மா சாப்பிட மறுப்பதைச் சொல்லுவாள். ஆற்றைக் கடக்கும் நடுவில் தான் குளியலறையில் நின்று அழுததைச் சொல்லுவாள். நான் கதையை நிறுத்திவிட்டுக் கேட்பேன். எனக்குத் தெரிந்ததில் பாதியை அவளுடைய அம்மாவிடம் சொல்லுவேன், மறுபாதியை என்னோடு வைத்துக்கொள்வேன்.

ஒரு வருடத்துக்கு மேல் இப்படி ஆடினோம். பிறகு அந்தம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவள் ஒரு ஞாயிறு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை, மெயிலும் இல்லை. என் கோபம் எனக்குத் தெரியும், அது பயத்தின் மூத்த பிள்ளை. மூன்றாம் ஞாயிறு கொழும்புக்காரனுக்கு எழுதினேன்: "அவ இனி வரமாட்டா. அவ ஆளைக் கதையில சாகடிச்சிட்டு மேல போவோம்."

"முடியாது. அவதானே சொன்னா. அவ நெரை நடுவுல இருக்கு. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. பாதிப் பாதி எடுப்போம்," என்றான்.

தொழிற்சாலைக் கிளாக்கர் மகன், வாழ்நாளில் ஒரு கொழுந்து கிள்ளாதவன். அவன் சொன்னதைக் கேட்டு எனக்கு வெட்கமாக இருந்தது. கதையில் நானும் ஒரு வழிகாட்டி வேடம் வைத்திருந்தேன். ஓர் ஆட்டம் அவன் அவளுடைய வாளை வீசுவான், அடுத்த ஆட்டம் நான் வீசுவேன். அந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறும் அப்படியே அவளை மலைமேல் ஏற்றினோம். ஐந்தாம் ஞாயிறு அவள் வந்தாள். அந்தம்மா இறந்துவிட்டார் என்றாள். பிறகு, "நான் எங்க நிக்கிறேன்?" என்று கேட்டாள்.

"எங்களோடதான். ஆறாம் நெரை, பத்தாம் செடி."

2009இல் அவள் ஊருக்கு வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் அதே மடுவத்தில் உட்கார்ந்தோம். அவள் பையிலிருந்து தன் கொப்பியை எடுத்துத் தரையில் வைத்தாள். ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒரு பக்கம். புரட்டிக்கொண்டு வந்தவள் நான்கு பக்கங்களில் நிறுத்தினாள். அவள் வராத ஞாயிறுகள். ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்தில் இருந்து, நாங்கள் எங்கே நிற்போம் என்று தானே நினைத்துக் குறித்து வைத்திருந்தாள். பேய்களெல்லாம் தப்பான இடத்தில் நின்றன. ஆனால் நான்கு பக்கத்திலும் அவளுடைய நெரையில் இரண்டு புள்ளிகள் இருந்தன, இந்தப் பக்கத்திலிருந்து ஒன்று, அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று.

"இது ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"தெரியாம என்ன. என் நெரைய விட்டுட்டா போயிருப்பீங்க?"

கொழும்புக்காரன் என்னைப் பார்க்கவில்லை. சோக்கட்டியை எடுத்துத் தரையில் கோடு போடத் தொடங்கினான். அவன் எந்தக் காலத்திலும் சொல்லியிருக்க மாட்டான். அதனால்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது.

"நான் விடச் சொன்னேன் புள்ள. மூணாவது ஞாயிறு. இவன்தான் விடல."

அவள் கொப்பியை மூடி என் மடியில் வைத்தாள்.

"விடச் சொன்ன. ஆனா பாதி நெரை நீதானே எடுத்த," என்றாள்.