தகவலுக்கு ஒரு பிரதி

கடையில் வேலை செய்யும் பெண்களுக்கு முதலாளி இருக்கை வைத்துக் கொடுக்க வேண்டும். கையில் வேலையில்லாத நேரத்தில் அவர்கள் அதில் இருப்பதைத் தடுக்கக் கூடாது. கடை ஊழியர் சட்டத்தில் இப்படி ஒரு விதி உண்டு. நல்ல விதிதான். ஆனால் எழுதியவர் புடவைக்கடையில் ஒரு நாளும் நின்றதில்லை. கையில் வேலையில்லாத நேரம் என்று ஒன்றை முதலாளி ஒத்துக்கொள்வார் என நம்பியிருக்கிறார்.

என் அக்கா மட்டக்களப்பு நகரில் ஒரு புடவைக்கடையில் பத்தொன்பது வருடம் நின்றாள். வேலை செய்தாள் என்று எழுதுவதே முறை; ஆனால் அந்த வேலையில் பெரும்பகுதி நிற்பதுதான். அவள் நின்றதால் நான் படித்தேன். படித்து, மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில், கதிரையில் இருந்து கடிதம் எழுதும் இலிகிதர் உத்தியோகம் எடுத்தேன்.

யுத்த காலத்தில், வாவிக்கு அப்பால் எங்கள் கல்லடியிலிருந்து நகருக்கு வருகிறவர்கள் பாலத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, நடந்தே மறுகரைக்கு வர வேண்டும். அங்கே நின்ற களைப்போடுதான் அக்கா கடையில் நிற்கப் போவாள். சுற்றிவளைப்பும் ஊரடங்கும் மலிந்த மாதங்களில் கடைக்குச் சனமே வராது. அப்போதும் கடையின் ஏழு பெண்களும் யாரும் கேட்காத சீலைகளை விரித்து விரித்து மடித்தபடி நிற்க வேண்டும். ஒருத்தி இருப்பதைக் கண்டால் கடையில் வியாபாரம் படுத்துவிட்டதென்று தெருவில் போகிறவன் நினைப்பானாம்.

இளமையில் நான் இடதுசாரி வகுப்புகளுக்குப் போனவன். உபரி மதிப்பைக் கரும்பலகையில் போட்டு விளக்குவார்கள். தொழிற்சாலை வந்தது, தேயிலைத் தோட்டம் வந்தது, துறைமுகம் வந்தது. புடவைக்கடை மட்டும் வரவில்லை. பொருள் எதையும் உண்டாக்காதவளை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்பதில் வகுப்பெடுத்தவருக்கே தடுமாற்றம். எனக்கு அது விளங்கியது அக்காவின் கால்களைப் பார்த்துத்தான். முழங்காலுக்குக் கீழே நரம்புகள் நீலமாக முறுக்கிப் புடைத்திருந்தன. முதலாளி அவளுடைய உழைப்பை மட்டும் வாங்கவில்லை. உழைப்பதற்கு எதுவும் இல்லாத நேரத்தில், கடை நன்றாக ஓடுகிறது என்ற தோற்றத்தையும் அந்தக் கால்களிலிருந்தே எடுத்துக்கொண்டார். சிரிப்பும் அதே சம்பளத்தில் அடக்கம்.

ஒரு காலை அவளால் செருப்பை மாட்ட முடியவில்லை. அன்றே தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுதினேன். விடயத் தலைப்பின் கீழ்க் கோடிட்டு, பந்திகளுக்கு இலக்கமிட்டு, விதியை எடுத்துக் காட்டி, ஒரு குறை சொல்ல முடியாத கடிதம். அக்கா வாசிக்காமலே கையெழுத்து வைத்தாள். அடியில், இத்தனை வருடம் கடிதம் எழுதிப் பழகிய கை தன்பாட்டில் ஒரு வரி சேர்த்தது: பிரதி, கடை முதலாளிக்கு, தகவலுக்காக. சம்பந்தப்பட்டவருக்குப் பிரதி போகாத கடிதம் கச்சேரியில் அரைகுறைக் கடிதம். இரண்டு உறைகளையும் நானே தபாலில் போட்டேன்.

பிரதி தெரு ஒன்று தாண்டிப் போக வேண்டியது. நான்காம் நாளே போய்விட்டது. முதலாளி சத்தம் போடவில்லை. புதுக் கதிரை ஒன்று வாங்கி, கடையின் நடுவில் போட்டார்.

"இரி தங்கச்சி. சட்டத்தில இரிக்கெண்டா நான் மறுக்க ஏலுமா?"

அக்கா இருந்தாள். சீலையைத் தொட அவளுக்கு அனுமதி இல்லை. வாங்க வந்தவர்களை அவளிடம் விடவில்லை. எழும்பினால், திணைக்களத்துக்கு நான்தானே பதில் சொல்ல வேண்டும் என்று திரும்ப இருத்தினார். மற்றப் பெண்கள் பின்பக்கம் போய்த் தேத்தண்ணீர் குடிக்கும் சாட்டில் கொஞ்சம் குந்தி எழும்புவார்கள். எழுத்தில் இல்லாத சலுகை என்று அதை நிறுத்தினார். அவர்கள் கோபம் முதலாளியிடம் போகவில்லை.

"மகாராணிக்கு வேர்க்குது, ஒரு விசிறி எடுத்து வீசுங்க கா" என்றாள் அவளோடு பத்து வருடம் ஒரே மேசையில் நின்றவள். அவளைக் குறை சொல்லமாட்டேன். அவளுக்கும் கால்கள் இருந்தன.

பதினொரு நாள் அக்கா அந்தக் கதிரையில் இருந்தாள். பன்னிரண்டாம் நாள் போகவில்லை. அன்று என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"என்னத்துக்கு தம்பி அவருக்கும் அனுப்பின?"

அதுதான் முறை என்றேன்.

"ஓம். நீ முறை தெரிஞ்சவன்."

அதன் பிறகு அவளை வேலைக்கு எடுக்க நகரத்தில் ஒரு கடைக்காரரும் இல்லை. வீட்டு வேலைக்கு வெளிநாடு போவதென்று முடிவெடுத்தாள். படிவங்களை நான்தான் நிரப்பினேன். நோய்கள் ஏதும் உண்டா என்ற கேள்விக்கு, கூட்டெழுத்தில்லாமல் தெளிவாக, இல்லை என்று எழுதினேன்.

அங்கிருந்து அவள் எழுதிய கடைசிக் கடிதத்தில் வீட்டைப் பற்றி ஒரு வரி இருந்தது. "இஞ்ச கதிரை நிறைய இரிக்கு தம்பி. துடைக்கத்தான்." பிறகு கடிதம் வரவில்லை. அவளை அனுப்பிய முகவருக்கு எழுதினேன், தூதரகத்துக்கு எழுதினேன். நினைவூட்டல்களை இலக்கமிட்டு அனுப்பினேன். எட்டு மாதம் தபால்காரரை வாசல் படலையடியிலேயே மறித்தேன்.

ஒரு நாள் அரசாங்க முத்திரையோடு ஒரு நீள உறை வந்தது. மேலே அக்காவின் பெயர். அவசரமாகப் பிரித்ததில் உறையோடு கடிதமும் ஓரத்தில் கிழிந்துவிட்டது. தொழில் திணைக்களத்திலிருந்து வந்திருந்தது. இருக்கை தொடர்பான முறைப்பாட்டை விசாரிக்க உத்தியோகத்தர் ஒருவர் அடுத்த வாரம் கடைக்கு வருவார். முறைப்பாட்டாளர் அன்று தமது வேலைத்தலத்தில் தவறாது இருத்தல் வேண்டும்.

படலையைப் பிடித்துக்கொண்டு அதை இரண்டு தரம் வாசித்தேன். உள்ளே போய், பேனையை எடுத்து, கிழியாத மூலையில் எழுதினேன்: கிடைத்த திகதி, மார்ச் 17.