வாய்தாவுக்கு வராத கைதி

பருத்திப்பட்டு ஏரி மடையில் மணியக்காரரின் ஆளை நான் அடித்தது நியாயமான அடி. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். வெள்ளைக்காரன் காலத்துக் கோர்ட் அப்படி நினைக்கவில்லை. பட்டணத்து ஜெயிலுக்கு அனுப்பிவிட்டது. அங்கே சோற்றில் புழு நெளிகிறது என்று சொன்னதற்கு ஒரு வார்டர் லத்தியால் என் வலது கையை ஒடித்தான். கைதிக்குக் கேட்க நாதியில்லை என்ற நினைப்பு. கேட்கிறேனா இல்லையா பார் என்று எனக்கு வெறி பிடித்துவிட்டது.

பூந்தமல்லி வக்கீல்கள் சர்க்காரை எதிர்க்க மாட்டோம் என்று என் மனைவியைத் திருப்பி அனுப்பினார்கள். போங்கடா என்று நானே இடது கையால் கிறுக்கி, பூந்தமல்லி முனிசீப் கோர்ட்டிலேயே அந்த வார்டர் மேல் வழக்குப் போட்டேன். அடித்தது தப்பு என்று ஒரு நீதிபதி வாயால் வந்தால் போதும் எனக்கு.

கைதியின் காகிதம் போவதும் வருவதும் ஜெயில் ஆபீஸ் வழியாகத்தான். வாய்தா நோட்டீஸ் அங்கே படுத்துத் தூங்கிவிட்டு, நாள் கடந்த பிறகு என்னிடம் வரும். நான் கவலைப்படவில்லை. தேதியைக் கோர்ட் வாசலில் விசாரித்து என் மனைவி தவறாமல் போய்க்கொண்டிருந்தாள். எங்கள் ஏரியில் தண்ணீர் முறைக்குப் பெயர் கூப்பிடும்போது, வீட்டு மனுஷர் யார் குரல் கொடுத்தாலும் முறை தப்பாது. கோர்ட் டவாலி என் பெயரைக் கூவியபோதும் அவள் அப்படியே குரல் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று வீடு திரும்பினாள். கோர்ட்டில் அது செல்லாது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. ஆள் ஆஜராகவில்லை என்று வழக்கைத் தள்ளிவிட்டார்கள்.

மறுபடி எடுக்கச் சொல்லி மனுப் போட்டேன். அதற்கும் ஒரு கெடு உண்டு. உள்ளே இருந்த படித்த கைதிகளிடம் கேட்டுக் கேட்டு, பக்கம் பக்கமாகச் சட்டம் எழுதி, கெடுவுக்கு முன்பே ஆபீஸில் கொடுத்தேன். பாவிகள், கெடு தாண்டிய பிறகுதான் அனுப்பினார்கள். இதுவும் போனால் அந்த அடியைப் பற்றி இனி எந்தக் கோர்ட்டும் கேட்காது. அழுதேன், ஒளிப்பானேன்.

விசாரணையன்று அவள் மறுபடி போனாள். கெடு தப்பிவிட்டது, இந்த ஆள் ஒரு வாய்தாவுக்கும் வந்ததில்லை என்று சர்க்கார் வக்கீல் சொன்னாராம். இவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நீதிபதிக்கு முன்னால் போய் நின்றிருக்கிறாள். டவாலி தடுத்தும் நகரவில்லை.

"நீங்களே பூட்டி வச்சிகினு, வரலன்னு நீங்களே எழுதிக்கினா இன்னா நாயம் சாமி? அவுரு எழுதிக் குட்த்த கடுதாசியும் உங்க ஆளுங்க கைலதான இருந்துச்சி."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். தாமதம் கைதியுடையது அல்ல என்று வழக்கை மறுபடி எடுத்தார். என்னை நேரில் கொண்டுவரவும் ஜெயிலுக்கு உத்தரவு போட்டார். இங்கிலீஷ் தெரிந்த கைதி ஒருவர் அந்த உத்தரவை வாசித்துச் சொன்னார். நான் மாய்ந்து மாய்ந்து எழுதிய சட்டத்தில் ஒரு வரிகூட அதில் இல்லை. அவள் கேட்டது மட்டும்தான் இருந்தது. அடேயப்பா, எனக்கு வந்த பெருமை! இது என் பெண்டாட்டி கேட்ட கேள்வி என்று கொட்டடி கொட்டடியாகச் சொல்லித் திரிந்தேன்.

வாய்தா அன்று கூண்டில் ஏறினேன். கோணலாகக் கூடிப்போன கையை நீதிபதி உற்றுப் பார்த்தார். யார் ஒடித்தது என்று கேட்டார். எதிரே நின்ற வார்டரைக் காட்டினேன், அந்தக் கையாலேயே.